உயிர் தப்பிய மீன்களை நான் கொண்டு வரமாட்டேன்

நிரோஷன்,

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து நான் அடுப்பைப் பற்ற வைத்த நேரத்தில் நீ ஃபோனில் ஒன்று கேட்டாய். அடுப்பு எரிகிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையில் அடுப்பு அப்போது எரியவில்லை, விறகு ஈரம். உனக்குச் சொல்ல வேண்டிய பதில் வாய்வரை வந்துவிட்டது, அதைக் கேட்க உனக்குத் தைரியம் இருக்குமா என்று தெரியாததால் வைத்தேன். இப்போது எழுதுகிறேன். உன் கல்யாணத்தன்று காலையில், வரக்காப்பொலையில் உன் மாமனார் புதிதாகக் கட்டியிருக்கும் முற்றத்துக் குளத்தில், வந்த சனமெல்லாம் பார்த்திருக்க, நம் தொட்டியில் நோய்க்குத் தப்பிக் கிடக்கும் பெரிய கோய் அலங்கார மீன்களை நான் என் கையால் கொண்டு வந்து விட வேண்டும் என்று கேட்டாய். மாட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி, உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, திறந்த கடிதமாகவே விடுகிறேன். நம் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வாசிக்கட்டும், தோட்டத்தின் கீழ் டிவிஷன் பெண்கள் வாசிக்கட்டும், உன் மாமனாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கட்டும். நீ பொய்யை எல்லார் முன்னாலும் நின்று சொன்னாய். அதற்கான பதிலை மட்டும் நான் ஏன் உன் காதுக்குள் சொல்ல வேண்டும்?

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தாய் மகனுக்குப் புத்தி சொல்வது வழக்கம். குடிக்காதே, கட்டினவளை அடிக்காதே, அவள் வீட்டாரை மதி. இதெல்லாம் உனக்குத் தேவையில்லை. நீ குடிப்பதில்லை. யார்மேலும் கை வைத்ததில்லை. கட்டப் போகிறவளின் வீட்டாரை மதிப்பதில் உன்னை மிஞ்ச ஆளே இல்லை. நீ செய்வது வேறு. மேலே இருக்கிறவன் நினைப்பதை, அவன் வாய் திறப்பதற்கு முன்பே, கீழே இருக்கிறவர்களுக்குப் புரிகிற பேச்சில் மாற்றிச் சொல்லிவிடுவாய். சிரித்துக்கொண்டே சொல்வாய். படித்த பிள்ளை சொல்கிறான் என்று நம் சனம் தலையாட்டும். அடிக்கிறவனைக்கூட நான் மன்னித்திருப்பேன், அவன் கையாவது வலிக்கும்.

கொழும்புப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் பை கட்டிக்கொண்டிருந்த நீ வேலையை விட்டுவிட்டு வந்தபோது, தெஹியோவிட்ட ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கின கையோடு நேராக நம் பழைய ரப்பர் பால் ஸ்டோருக்குத்தான் போனாய். மேல் டிவிஷன் மரங்கள் கிழடாகி, பால் வெட்டுவதைத் தோட்டம் நிறுத்தி, ஸ்டோரைப் பூட்டிப்போட்டிருந்த காலம் அது. ரப்பர் பாலை உறைய வைக்கிற சீமெந்துத் தொட்டிகள் வரிசையாகக் காய்ந்து கிடந்தன. ‘இதுல கோய் வளர்க்கலாம்மா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொட்டி’ என்றாய். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அந்தத் தொட்டிகளைத் தேய்த்தோம். சீமெந்தில் ஒட்டிய பழைய பாலை நகத்தால் உரித்தோம். தோட்டத்து ஒஃபீசில் நீ சிங்களத்தில் பேசி அனுமதி வாங்கினாய். அன்றைக்கு உன்னைப் பெற்றதற்கு நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

பிறகுதான் செபஸ்டியன் முதலாளி வான் வண்டியில் வந்தார். இன்று உன் மாமனார். அவருடைய தாத்தாவும் இதே மலைச்சரிவில் பால் வெட்டினவர்தான், ஆனால் அவர் ‘தோட்டத்து ஆளுங்க’ என்று சொல்லும்போது ஏதோ கப்பலில் வந்திறங்கிய வேற்று இனத்தைப் பற்றிச் சொல்வது போலிருக்கும். பொலித்தீன் பைகளில் ஒக்சிஜன் அடைத்து, விரல் நீளக் குஞ்சுகளைக் கொண்டு வந்திருந்தார். குஞ்சு அவருடையது, தீனி அவருடையது, வளர்ந்த பிறகு வாங்குவதும் அவர்தான். இடையில் செத்தால் மட்டும் அது நம்முடையது.

“இது மீன் இல்ல, நிரோஷன் அம்மா. நீந்துற தங்கம்” என்றார்.

“தங்கம்னா எதுக்குங்க எங்க தொட்டில உடுறீங்க? உங்க வீட்டு அலமாரில வச்சிப் பூட்டிக்கிறதுதானே” என்றார் உன் அப்பா. எல்லாரும் சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவை முறைத்தாய்.

மீன்கள் வளர்ந்தன. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நாட்களைத்தான் நீ காசாக்கினாய். பக்கத்து மலையில் பால் வெட்டி முடித்து, கையில் பால் பிசின் காயாமல், பெண்கள் நேராகத் தொட்டிக்குத்தான் போனார்கள். வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டதும் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு வரும். பக்கத்து வீட்டுச் செல்வி தன் தொட்டியில் இருந்த ஒரு கொழுத்த மஞ்சள் மீனுக்கு துரை என்று பெயர் வைத்தாள். “பாருங்கக்கா, வேல ஒண்ணும் செய்யாது. வாய மட்டும் தொறந்துகிட்டு வந்து நிக்கும்” என்பாள். தோட்டத்தை நடத்தும் உண்மையான துரை ஒருநாள் தொட்டி பார்க்க வந்தபோது அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் ஓடினாள்.

அடைமழை தொடங்கி, தொட்டித் தண்ணீர் குளிர்ந்ததும் அது வந்தது. முதலில் நம் தொட்டியில். வாளிச் சத்தத்துக்கு மீன்கள் வரவில்லை. தண்ணீர் விழும் குழாய்க்குக் கீழே கூட்டமாக நின்று, மேற்பரப்பில் வாயை வைத்து மூச்சுக்குத் திணறின. கண் உள்ளே இறங்கியிருந்தது. பிடித்துப் பார்த்தால் வழவழப்பு போய், உடம்பு மணல் தாளைப் போலச் சொரசொரத்தது. செவுளைத் திறந்தால் சிவப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக அழுகல். அதே தொட்டியில் நீ ஆசைக்கு விட்ட கப்பிகளும், உன் அப்பா குழம்புக்கு விட்ட திலாப்பியாக்களும் ஒன்றும் ஆகாமல் திரிந்தன. செத்து மிதந்த கோய்களின் வயிற்றுக்குக் கீழே அவை மேய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வைரஸ் கோய் இனத்தைத்தான் தேடிப் பிடிக்கும், மற்றதைத் தொடாது என்று நீ சொன்னாய். ஆள் பார்த்து அடிக்கிற நோய்.

“வலைய யாருக்கும் குடுத்துராதீங்கம்மா” என்றும் சொன்னாய். வலை ஒன்றுதான் நம் லயத்தில் இருந்தது, அது நம் வீட்டில் இருந்தது. அன்று பின்னேரம் செல்வி வந்து வலையைக் கேட்டாள். நான் கொடுத்தேன். அடுத்த வீடு கேட்டது, அங்கும் போனது. நோயும் வலையோடு தொட்டி தொட்டியாகப் போனது. இதற்காக நீ என்னை எத்தனையோ தரம் குத்திக் காட்டியிருக்கிறாய். நீ சொன்னது சரி. நான் செய்ததும் தப்பில்லை. லயத்தில் ஒருத்தி உப்பையோ உலக்கையையோ வலையையோ கேட்டு, இன்னொருத்தி இல்லையென்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான்: உன் கை பட்ட பொருள் எனக்கு வேண்டாம். நம் பாட்டன் காலத்திலிருந்து இந்த ஒரே தண்ணீர்ப் பீலியில், யார் குடம் முதலில், யார் குடம் கடைசியில் என்று இரத்தம் சிந்தித்தான் அந்த அசிங்கத்தை ஒழித்தோம். ‘நோய் பரவும், தள்ளி நில்’ என்று யாராவது சொன்னால் எங்கள் காதில் அது வேறு விதமாகத்தான் விழும். ஒரு மீனுக்காக நான் செல்வியைப் படியில் நிறுத்தி வைக்க முடியாது. அவளுடைய துரை செத்து மிதந்த அன்று அவள் சோறு தின்னவில்லை.

மீன்வள ஒஃபீசிலிருந்து ஒரு சிங்களப் பிள்ளை வந்தாள். எல்லாரும் மிஸ் என்றோம். சேற்றுக்குள் மண்டியிட்டு, செவுளை விரலால் திறந்து பார்த்து, துண்டு வெட்டிப் போத்தலில் போட்டாள். எழுந்து கையைத் துடைத்துவிட்டு, “ஒக்கோம மரன்ன ஓன” என்றாள். எல்லாவற்றையும் கொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிறதையுமா என்று செல்வி கேட்டாள். அதைத்தான் முக்கியமாக என்றாள் மிஸ். செத்த மீன் நாற்றத்தால் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். தப்பின மீன் நன்றாகத் தின்னும், நன்றாக நீந்தும், அழகாகக்கூட இருக்கும். ஆனால் சாகும்வரை அந்த வைரஸ் அதற்குள் படுத்திருக்கும். புதுத் தண்ணீரில், புது மீன்களோடு விட்டால், என்றைக்காவது எழும்பும். மருந்து கிடையாது. மீனைக் கராம்பு எண்ணெய் ஊற்றிக் கொல், தொட்டியைக் காய வைத்துச் சுண்ணாம்பு அடி, வலையை எரி. இவ்வளவுதான் அவள் சொன்னது. நமக்குப் பரிதாபப்பட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் பரிதாபத்துக்காக ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை. அவளிடமிருந்து நீ அதைப் படித்திருக்கலாம்.

கொன்றோம். ஒவ்வொருத்தியும் தன் தொட்டியைத் தானே கொன்றாள். நீ மட்டும் நம் தொட்டியில் தப்பின பெரிய மீன்களைச் சாக்குப் போட்டு மூடி, ஸ்டோருக்கு மேலே இருக்கும் தனித் தொட்டிக்கு மாற்றினாய். “இதுங்க தாங்கிருச்சும்மா. பாவம்” என்றாய். பாவம் என்ற சொல்லைக் கேட்டு நானும் தீனி போட்டேன்.

பிறகு மிஸ் உனக்கு ஃபோன் எடுத்தாள். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், கை எச்சில் என்று ஸ்பீக்கரில் போட்டாய். கோய் மீன்களைக் கொல்லும் அந்த வைரஸ்தான் என்று டெஸ்ட்டில் உறுதியாகியிருக்கிறது என்றாள். எல்லா வீட்டுக்கும் குஞ்சு ஒரே இடத்திலிருந்துதான் வந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றாய். முதலாளியின் இடத்துக்கு மிஸ்ஸே போய்ப் பார்த்தாளாம், குளங்களெல்லாம் காய்ந்து சுண்ணாம்பு அடித்துக் கிடக்கின்றன, உங்களுக்குக் குஞ்சு கொடுப்பதற்கு முன்பே அங்கே மீன் சாகத் தொடங்கியிருக்கிறது, அவருடைய வேலையாட்களே சொன்னார்கள் என்றாள். அதாவது செபஸ்டியன், தன் குளத்தில் நோய் விழுந்ததைத் தெரிந்துகொண்டு, மிச்சக் குஞ்சுகளை அவசர அவசரமாக நம் தலையில் கட்டியிருக்கிறார். அவர் குளம் சுத்தமாகிவிட்டது. அவருடைய சாவை நாம் தீனி போட்டு வளர்த்தோம். நீ சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாய். “கூட்டம் போட்டு எல்லார்கிட்டயும் சொல்லுறேன்மா” என்றாய்.

கூட்டம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் நடந்தது. தொட்டில்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தோம். முதலாளிக்கு ஒரு நாற்காலி. அவர் முதலில் பேசினார்.

“மீனுக்குச் சுத்தம் வேணும். நான் அப்பவே நெனச்சேன். லயத்து ஆளுங்க கையில குடுத்தா இப்பிடித்தான் ஆகும். பால் வெட்டுன கைய அப்பிடியே தொட்டில உடுறது, ஒரே வாளியில எல்லா வேலையும் செய்யிறது. நான் யாரையும் குத்தம் சொல்லல. பழக்கம் அப்பிடி.”

எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ எழுந்தாய். நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “முதலாளி சொல்றது சரிதான். நம்ம அழுக்குத்தான் காரணம். அடுத்த தடவ நாம திருந்தணும்” என்றாய். ‘நம்ம’ என்றாய் பார், அதுதான் உன் திறமை.

நான் எழுந்து, மிஸ் வேறு மாதிரித்தானே சொன்னாள், குஞ்சோடுதான் நோய் வந்தது என்றாளே என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தாய். “அம்மாவுக்குச் சிங்களம் சரியா விளங்காது” என்றாய். மடுவம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு, குஞ்சுக்கும் தீனிக்கும் முதலாளி கடனாக எழுதி வைத்திருந்த முன்பணம் முழுவதும் அந்தப் பெண்கள் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் போய் அதை வசூலித்ததும் நீதான். செல்வியின் மகள் பள்ளிக்கூடத்தை விட்டு அவிசாவளைக்குக் கார்மண்ட் வேலைக்குப் போனாள். போகும்போது ‘அண்ணே, போயிட்டு வர்றேன்’ என்று உன்னிடம்தான் முதலில் சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த மாதமே நீ முதலாளியிடம் சூப்பர்வைசர். பிறகு அவர் வீட்டில் சாப்பாடு. பிறகு அவர் மகள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளும் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். யாருக்குக் கழுத்தை நீட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு நீட்டட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஃபோனை வைத்த பிறகு செல்வி உப்பு வாங்க வந்தாள். நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். அவள் உப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அவள் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை நான் அவளிடம் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

“கொண்டு போங்கக்கா” என்றாள். “நல்ல சேலையா கட்டிக்கிட்டு, தலையில பூ வச்சிக்கிட்டு, கொண்டு போயி உடுங்க. அந்தக் குளத்துத் தண்ணி பெரிய குளங்களுக்குத்தானே போவுது? மழை வரட்டும். அவன் குளம் பூரா வெள்ளையா மெதக்கணும். நான் வேலயில ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து பார்க்கிறேன்.”

“நம்ம புள்ள கல்யாணம்டி.”

“அந்தக் கல்யாணத்துக்குத்தானே சீர் கொண்டு போகச் சொல்றேன். உங்களுக்குச் சிங்களம் விளங்காதுன்னு அவன் சொன்னப்பவே எனக்கு எல்லாம் விளங்கிருச்சுக்கா. பஸ்ல கண்டக்டரோட சிங்களத்துலயே மல்லுக்கு நின்னு மிச்சக் காசு வாங்குற ஒரே ஆள் நீங்கதானே.”

நான் அவளைத் திட்டவில்லை. திட்டியதாக உனக்கு எழுதினால் அது பொய். அன்று முழுவதும் நான் அந்த நினைப்பைச் சுவைத்துக்கொண்டிருந்தேன். உன் மாமனார் குளக்கரையில் நின்று செவுளைத் திறந்து பார்ப்பதையும், அவருக்கு யாரோ ‘உங்க கை அழுக்கு’ என்று சொல்வதையும் நினைத்து நினைத்துப் பார்த்தேன். இனித்தது. மேல் தொட்டிக்குப் போய் அந்த மீன்களுக்கு இரண்டு பிடி தீனி கூடுதலாகப் போட்டேன். நல்ல உடம்போடு போகட்டும் என்று.

மறுநாள் கீழ் டிவிஷனிலிருந்து கனகா ஏறி வந்தாள். உனக்குத் தெரியும் அவளை. புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறான், இரண்டு பிள்ளைகள். வேர்த்து விறுவிறுத்து வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வலையைக் கேட்டாள். நாம் எரிக்காமல் வைத்திருந்த அதே வலையை.

“என்னத்துக்கு?” என்றேன்.

“தெரியாதாக்கா? உங்க சம்மந்தி எங்க டிவிஷன்லயும் மீன் குடுக்கிறாரு. பால் தொட்டியெல்லாம் கழுவிப்புட்டோம். கல்யாணம் முடிஞ்ச திங்கக்கெழமயே குஞ்சு வருது. ‘என் மருமகனே வான்ல கொண்டாந்து உடுவாரு’ன்னு சொன்னாரு.” பெருமையாகச் சொன்னாள். “இது சாகாத ரகமாம்க்கா. உங்க தொட்டியில நோய்க்குத் தப்பிச்ச மீன் இருந்திச்சாமே, அதோட குஞ்சுதானாம். என்ன நோய் வந்தாலும் தாங்குமாம்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. நம் மீன்கள் நம் தொட்டியில்தானே கிடக்கின்றன என்று நினைத்தேன். பிறகு உன் நிச்சயதார்த்தத்தன்று காலையில் மீன் அனுப்புகிற வெள்ளை ரிஜிபோம் பெட்டி ஒன்றை நீ வானில் ஏற்றியது ஞாபகம் வந்தது. என்ன என்று கேட்டதற்கு, “மிஸ் டெஸ்ட்டுக்குக் கேட்டாங்கம்மா” என்றாய். தொட்டியில் மீன் குறைந்திருந்தது. நான் நம்பினேன். பெண் கேட்கப் போனபோது நீ அந்த மனுஷனுக்குக் கொண்டு போன சீர் அதுதான். செல்வி சொன்ன வேலையை நீ அவளுக்கு முன்பே செய்துவிட்டாய், பகைக்காக அல்ல, பல்லைக் காட்டுவதற்காக. இதில் ஒரே ஒரு வித்தியாசம்: அந்தச் சாவு அவர் குளத்தில் மிதக்கப் போவதில்லை. குஞ்சாக இருக்கும்போதே பைகளில் கட்டி அவர் அதைக் கனகாவிடம் தள்ளிவிடுவார். மழை வந்து தண்ணீர் குளிரும்போது மீன்கள் கனகாவின் தொட்டியில் இருக்கும். பிறகு கீழ் டிவிஷன் பிள்ளை மடுவத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள்.

அங்கேதான் என் வாயிலிருந்த இனிப்பு போனது. முதலாளியைப் பழிவாங்க நினைத்தால் முதலாளி வரைக்கும் அது போய்ச் சேராது, வழியில் எங்களைப் போல ஒருத்திதான் நிற்பாள். இதை எனக்குத் தெரிய வைக்கக் கனகா வேர்த்துக்கொண்டு மலையேறி வர வேண்டியிருந்தது.

நான் அவளிடம் வலை தர முடியாது என்றேன்.

அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். “ஏன்க்கா?”

“அந்த வலையில நோய் இருக்கு.”

“ஓஹோ.” சொம்பைத் தரையில் வைத்தாள். “செல்விக்குக் குடுத்தப்ப இல்லாத நோயா? கீழ் டிவிஷன்காரி கை பட்டா வலை தீட்டாயிருமோ? சம்மந்தி வீடு வரக்காப்பொலன்னதும் நீங்களும் ஏறிட்டீங்க.”

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். எல்லாவற்றையும் சொன்னேன்: குஞ்சோடு வந்த நோய், ஃபோனில் மிஸ் சொன்னது, தப்பின மீனுக்குள் படுத்திருக்கும் வைரஸ், மடுவத்தில் நீ சொன்ன பொய். அவள் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நாங்க தலையெடுக்கிறது உங்களுக்குப் பொறுக்கல. இல்லாட்டிப் பெத்த மகனைப் பத்தி இப்பிடிப் பேசுவீங்களா? நிரோஷன் தம்பி வந்து தன் வாயால சொல்லட்டும், நம்புறேன். தம்பி படிச்சது. உங்களுக்குச் சிங்களமே விளங்காதாமே.”

அந்தப் பேச்சு கீழ் டிவிஷன் வரைக்கும் போயிருக்கிறது, நிரோஷன். உன்னைப் பெற்ற தாய்மேல் நீ ஒட்டின அந்த ஒரு சொல்லைத்தான் இன்று ஒரு ஏழைப் பெண் கேடயமாகப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்குகிறாள். ஃபாதரிடம் போனேன். முதலாளி கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுக்கிறவர், கல்யாணம் முடியட்டும் என்றார். மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். அவளை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம், புதிதாக வந்தவர் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் வருவதற்குள் வான் வந்துவிடும்.

மீன்களைக் கொன்றுவிட்டேன். மிஸ் அன்றைக்குச் சொன்ன மாதிரியே, கராம்பு எண்ணெய் ஊற்றி. பல்வலிக்கு விற்கிற அந்தச் சின்னப் போத்தல்களைத் தெஹியோவிட்டக் கடைகளில் ஏறி இறங்கி வாங்கினேன். பல்லெல்லாம் கொட்டிப்போச்சா என்று ஒரு கடைக்காரன் கேட்டான். தண்ணீரைக் குறைத்துவிட்டு, வாளியைத் தரையில் வைத்தேன். சத்தம் கேட்டு எல்லாம் வாயைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தன. தீனி என்று நினைத்து எண்ணெய்க்குள்ளேயே வந்து முட்டின. மெல்லச் சரிந்தன. அந்தச் சிவப்பும் வெள்ளையும் எவ்வளவு அழகு என்று அப்போதும் நினைத்தேன். ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் செவுளை அசைத்தது, அதைப் பால் வெட்டும் கத்தியால் தலைக்குப் பின்னால் வெட்டினேன். உன் அப்பா ஓடைக்குத் தூரமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார். வலையை அதன் மேலேயே எரித்தோம். “கல்யாண வீட்டு பிரியாணி வாசம் அடிக்குது” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் பீலிக்குப் போய் வெகு நேரம் கை கழுவினார்.

ஆகவே குளத்தில் விட என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் இங்கே கொன்றது போதாது. நீ கொண்டு போனவை அங்கே உயிரோடு இருக்கின்றன. அவற்றின் குஞ்சுகள், அவற்றோடு ஒரே தண்ணீரில் வளர்ந்தவை, திங்கட்கிழமை பைக்குள் ஏறும்.

சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்கு முன் ஒரு நாள், எந்த நேரமானாலும் சரி, நீ கீழ் டிவிஷனுக்கு வா. அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. கனகாவின் தொட்டியருகே நின்று, அந்தப் பெண்கள் எல்லாரும் கேட்க, நோய் எங்கிருந்து வந்தது என்று சொல். அவர்கள் அழுக்கு இல்லை என்று சொல். அம்மாவுக்குச் சிங்களம் விளங்கும் என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சொன்னால் உனக்கு வேலை போகலாம், கல்யாணம்கூட நிற்கலாம். நிற்கட்டும். உண்மையைச் சொன்னதற்காக நிற்கிற கல்யாணம் நடந்துதான் என்ன ஆகப்போகிறது? நீ வந்து சொன்னால், நீ வாங்கித் தந்த சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலில் முதல் வரிசையில் உட்காருவேன். உன் மாமனார் என்னை எந்த மூலையில் உட்கார வைத்தாலும் உட்காருவேன்.

நீ வராவிட்டால் சனிக்கிழமை நான் கோயிலுக்கு வரமாட்டேன். உன் அப்பா வருவார்; மகன் கல்யாணத்தைப் பார்க்கும் ஆசை அவருக்கு இருக்கிறது, அதை நான் தடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கீழ் டிவிஷனுக்குத் திரும்பும் வளைவில், ரோட்டுக்கு நடுவே நான் நிற்பேன். செல்வியும் வருகிறேன் என்றாள், அவளுக்கு வேலை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வானை ஓட்டி வரப்போவது நீ. பின்னால் பைகளில் மீன் இருக்கும், முன்னால் நான் இருப்பேன். பிரேக்கை மிதிப்பதா வேண்டாமா என்பதை அப்போது நீயே முடிவு செய்துகொள்.

அம்மா